'இல்லை' வேறு, 'பார்க்கவில்லை' வேறு

(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"அணைக்கட்டைப் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். நான் பறவை பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், அணைக்கட்டுக்கே வந்துவிடுவேன்!

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் எனக்கு வேலை. ஊருக்கு வடமேற்கே பிராட்ஃபீல்டு கிராமம். அதைச் சுற்றி ஸ்ட்ரைன்ஸ், டேல் டைக், ஆக்டன், டாம்ஃபிளாஸ்க் என்று நான்கு நீர்த்தேக்கங்கள். அவற்றுக்கு மேலே மரமில்லாத மேட்டுநிலம், 'மூர்' என்பார்கள். கரிய சதுப்பு மண், முழங்கால் உயரப் புதர், அவ்வளவுதான். மார்ச் என்றால் வசந்தம் என்று காலண்டர் சொல்லும். அங்கே போய் நின்றால் ஊசிக் காற்றும் பனித்தூறலும்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். ஒரே மூடுபனி. அரை மணி நேரம் நின்றும் பைனாகுலரில் தண்ணீர்த் துளிதான் தெரிந்தது. "ஒன்றுமே இல்லை, கிளம்பலாம்" என்றேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, காதைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். சற்று நேரத்தில் ஒரு நீண்ட சீழ்க்கை, குமிழி குமிழியாகப் பொங்கி எழுந்தது. கர்லூ! நீண்டு வளைந்த அலகுள்ள பறவை. குளிர்காலத்தைக் கடற்கரைச் சேற்றில் கழித்துவிட்டு, முட்டையிட மூருக்குத் திரும்பும் நேரம் அது. நம்மூர் ஆள்காட்டியின் பங்காளியான லாப்விங்கும் பக்கத்து வயலில் கத்தியது.

"இல்லை என்று எழுதுவதானால், எங்கே நின்றாய், எவ்வளவு நேரம், என்ன வானிலை என்பதையும் சேர்த்து எழுதப்பா. 'இல்லை' வேறு, 'பார்க்கவில்லை' வேறு" என்றார். கர்லூ 2015 முதல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அது குறைந்து வருவதைக் காட்டிக்கொடுத்ததே இப்படி எழுதிவைத்த தன்னார்வலர்களின் கணக்குதான்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின மாதம் ஒரு மண் அணையைப் பார்க்கப் போனேன். நல்ல மழை. கரையின் அடிவாரத்துக்கு இறங்காமலே 'கசிவு இல்லை' என்று எழுதினேன். மறுவாரம் காவலாளி அங்கே ஈரத்தைக் கண்டுபிடித்தார். வடிகால் அடைப்புதான், ஆபத்தில்லை. ஆனால் நான் எழுதியது பொய்தானே?

நாங்கள் நின்றது டேல் டைக் பக்கம். 1864 மார்ச் 11, அந்த அணையை முதன்முதலாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். புயல் காற்று. வேலை முடிந்து வீட்டுக்குப் போன ஒரு தொழிலாளி கரையில் மெல்லிய விரிசலைக் கண்டு சொன்னார். அன்றிரவே கரை உடைந்தது. சுமார் 240 பேர் மாண்டார்கள். இப்போது இருப்பது 1875-இல் திரும்பக் கட்டியது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் 'குறை ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போடுவீர்கள். அதற்கு முன் வண்டியை விட்டு இறங்கி நடந்து பாருங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்; அதில் கௌரவக் குறைச்சல் கிடையாது.

நம் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் கர்லூ வரும். போகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.