கோயிலுக்குள் ஒரு படம்

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் பினாங்குக்குப் புறப்படுவதுண்டு. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, லோரோங் பர்மாவிலுள்ள சயாமியர் கோயிலுக்கும் போவார்கள். வாட் சைய மங்களாராம் என்பது அதன் பெயர். 1845ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் அளிக்கப்பட்ட நிலத்தில் எழுந்த கோயில் அது. உள்ளே 33 மீட்டர் நீளத்தில் புத்தர் சாய்ந்து படுத்திருக்கிறார்.

என் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். ஒரு பையன் ஆசையோடு எடுத்த படத்தைக் காட்டினான். முன்னே நின்ற நண்பர்களின் முகங்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தன. பின்னால் ஒரே இருட்டு. "சார், இவ்வளவு பெரிய புத்தர் எங்கே போய்விட்டார்?" என்று கேட்டான்.

காரணம் எளிது. பிளாஷ் விளக்கின் ஒளி சில மீட்டர் தூரமே நன்றாக எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே பிளாஷை அணைத்துவிடுங்கள். கைப்பேசியையோ கேமராவையோ ஒரு தூணோடு சேர்த்து அசையாமல் பிடித்து, மூச்சை அடக்கி எடுங்கள். மண்டபத்திலுள்ள வெளிச்சமே போதும். முழு உருவத்தையும் ஒரே படத்தில் அடக்க முயன்று பாதத்தருகே நின்றால், பாதம் பெரிதாகவும் திருமுகம் சிறிதாகவும் விழும். திருமுகத்தைத் தனியாக எடுங்கள். சிலையின் அளவு தெரிய வேண்டுமானால், சற்றுத் தள்ளி ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த நான், அன்றே ஒரு பிழை செய்தேன். சிலைக்குப் பின்புறச் சுவரில் சிறு சிறு மாடங்கள் உண்டு. இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள் அவற்றில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதை அறியாமல் அங்கே பிளாஷ் அடித்து ஒரு படம் எடுத்துவிட்டேன். ஊதுவத்தியோடு நின்ற ஒரு மூதாட்டி திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு சொல்லும் சொல்லவில்லை. நமக்கு அது சுற்றுலா இடம். அவருக்கோ வீட்டார் துயிலும் இடம். நம் வீட்டுத் துக்கத்தில் யாரேனும் வந்து விளக்கடித்துப் படம் எடுத்தால் பொறுப்போமா?

2012ஆம் ஆண்டில் இலங்கையில், புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. விளையாட்டாகச் செய்ததுதான், ஆனால் வழிபடுவோர் மனத்தில் அது விளையாட்டாகப் படவில்லை.

ஆகவே, வாசலில் காலணியைக் கழற்றுங்கள். படம் எடுக்கலாமா என்று அங்கிருப்பவரைக் கேளுங்கள். கூடாது என்று பலகை இருந்தால், அதற்கு மேல் பேச்சில்லை. வணங்குவோருக்கு முன்னே குறுக்கே போகாதீர்கள். சிலையின் மீது சாய்வதும், ஏறுவதும், அதைப்போல் படுத்துக் காட்டுவதும் வேண்டாம்.

நேயர்களே, புத்தர் நமக்கு அந்நியர் அல்லர். சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இராசராச சோழன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னன் தானமாக அளித்தான். அந்தக் கடாரந்தான் நாம் வாழும் இந்தக் கெடா. சிவனை வணங்கிய மன்னன் புத்தர் கோயிலுக்கு ஓர் ஊரையே கொடுத்தான். நாம் கொடுக்க வேண்டியது கொஞ்சம் அமைதி மட்டுமே.

அன்று நான் எடுத்த படத்தை அழித்துவிட்டேன். என் மாணவன் பிளாஷ் இல்லாமல் எடுத்த புத்தரின் திருமுகம் இன்றும் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.