பூநாரையும் நம் வீட்டுக் கழிவுநீரும்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தாண்டிப் போகும்போது, ஆழமில்லாத தண்ணீரில் இளஞ்சிவப்பாக வரிசைகட்டி நிற்கும் பறவைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவைதான் பூநாரைகள். ஃபிளமிங்கோ என்றால் பிள்ளைகளுக்கு உடனே தெரியும்.

"இந்த நிறம் எப்படி வந்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சாப்பாட்டில் இருக்கிறது. பூநாரைக் குஞ்சு வளரும்போது சாம்பல் நிறம்தான். பாசியிலும் சின்னஞ்சிறு இறால் வகைகளிலும் ஒரு நிறமி உண்டு; கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே வகைதான். அது உடலில் சேரச் சேர, சில ஆண்டுகளில் இறகு சிவக்கிறது.

சாப்பிடும் விதமும் வேடிக்கையானது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் வைக்கும். நாக்கை பம்பு போல இயக்கித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு இருக்கிறது. வடிகட்டியில் டீத்தூள் தங்குவது போல இரை அதில் தங்கிவிடும்.

ஆனால் அந்த வடிகட்டிக்கு, இரையோடு சேர்ந்துவிட்ட நஞ்சைப் பிரிக்கத் தெரியாது. தண்ணீர் எப்படியோ, பறவையும் அப்படியே.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். சுற்றியுள்ள பகுதிகளின் மழைநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. அந்தச் சதுப்புநிலம் நன்றாக இருந்தால் நம் தரைத்தளமும் தப்பிக்கும்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: நம் கழிவுநீரை எடுத்துப்போகும் லாரி, அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான ரசீதைக் காட்டிய பிறகே பணம் கொடுப்போம். வாடகை குறைவு என்பதற்காக, எங்கே கொட்டுகிறது என்று கேட்காமல் இருக்க வேண்டாம்.

இரண்டு: கார் கழுவிய சோப்புநீரையும் பெயிண்ட் கழுவிய தண்ணீரையும் தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விடாதீர்கள்.

மூன்று: பறவை பார்க்கப் போகிறவர்கள் கரையிலிருந்தே பாருங்கள். தீனி வீச வேண்டாம், ட்ரோன் பறக்கவிட வேண்டாம். ஒரு பைனாகுலர் போதும்.

முதல் வேண்டுகோளை இன்றைய கூட்டத்தில் தீர்மானமாக முன்மொழிகிறேன். பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் கூடலாம். அது நாம் அழுக்காக்கிய தண்ணீருக்கு நாம் கொடுக்க வேண்டிய கூலிதான். ஆதரவு தாருங்கள்.