மண்ணை அறிந்தவர் மண்ணின் வேதியியலையும் அறிக
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நதியுண்ணிக் கால்வாய் பாயும் வயல்களில் நம் முன்னோர் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டனர். அச்சேற்றில் நிகழும் ஒரு செயலை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. நாம் இடும் அமோனியம் சல்பேட் உரம் நீரில் கரைந்தாலும், அமோனியம் முழுவதும் நீரோடு போய்விடுவதில்லை. களிமண் அதைப் பற்றிக்கொண்டு, தன்னிடமுள்ள கால்சியத்தை நீருக்கு விடுகிறது. இங்கிலாந்தில் தாம்சனும் வேயும் 1850இல் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். இதுவே அயனிப் பரிமாற்றம். 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்போர் இதே பணியைச் செய்யும் செயற்கைப் பிசினை உருவாக்கினர்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாதுகுடாவில், இந்திய யுரேனியக் கழகத்தின் ஆலை 1968இல் இயங்கத் தொடங்கியது. அங்கே ஒரு டன் தாதுவில் ஒரு கிலோ யுரேனியம்கூட இல்லை. தாதுவை மாவாக அரைத்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால், இரும்பு முதலியனவும் உடன் கரைகின்றன. யுரேனியமோ சல்பேட்டுடன் கூடி எதிர்மின் அயனியாகிறது. பிசின் மணிகளின் ஊடே கரைசல் இறங்குகையில், மணிகள் அவ்வயனியைப் பற்றிக்கொள்கின்றன. இரும்பின் பெரும்பகுதி வெளியேறுகிறது. பின்னர் உப்புக் கரைசலைச் செலுத்த, குளோரைடு அவ்விடத்தைப் பிடிக்க, யுரேனியம் செறிவுற்று வெளிவருகிறது. அதனுடன் மக்னீசியா சேர்க்கவே மஞ்சள் வீழ்படிவு கிடைத்தது. பிசினோ மீண்டும் பயன்படும்.

தோழர்களே! உலோகம் போக எஞ்சுவது ஏறக்குறைய தாதுவின் முழு எடையே. ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் அக்கழிவில் தங்குகின்றன. கழிவுக் குட்டைகளை அடுத்து வாழும் ஆதிவாசி மக்கள் தம் உடல்நலம் குறித்து நெடுங்காலமாக வினா எழுப்பி வருகின்றனர். அளவுகள் வரம்புக்குட்பட்டவை என்பது கழகத்தின் விடை. உண்மையை நிறுக்க வேண்டுமானால், அளக்கத் தெரிந்தோர் அம்மக்களுக்குள்ளிருந்தே எழ வேண்டும். இது நமக்கும் பொருந்தும்.

“உனக்கு எதற்கு அறிவியல் பிரிவு?” என்று கேட்கப்பட்டுத் தலைகுனிந்து திரும்பிய நம் பிள்ளைகளை நாம் பணிக்காலத்தில் கண்டுள்ளோம். இனி ஒருவரும் அவ்வாறு திரும்பலாகாது. சுரங்கத்திற்கும் வயலுக்கும் உழைப்பை மட்டும் ஈந்தது போதும். ஆய்வுக்கூடத்திலும் நம் பிள்ளைகள் நிற்கட்டும். பெண்மக்களும் நிற்கட்டும். வேதியியல் பயில விரும்பும் பிள்ளையைக் கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்தாது துணைநிற்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கும் கடமையாகுக!