மாணவர் நினைவில் வாழும் ஆசிரியர்



பட்டினப்பாக்கம் என்னும் பெயரிலே பட்டினமும் உண்டு, பாக்கமும் உண்டு. இரண்டுமே நெய்தல் நிலத்து ஊர்களுக்குத் தமிழ் வழங்கிய பெயர்கள். இவ்வூர்க் கடற்கரையில் நின்று வடக்கே சென்றால், சாந்தோமையும் கலங்கரை விளக்கத்தையும் கடந்து, மாநிலக் கல்லூரியை அடையலாம். அங்கே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் சிலை நிற்கிறது. தெற்கே அடையாற்றின் கழிமுகத்திற்கு அப்பால் பெசன்ட் நகரில், 1943-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவர் பெயர் தாங்கிய நூல்நிலையம் இருக்கிறது. மேற்கே அண்மையிலுள்ள மந்தைவெளியில் வாழ்ந்தவர் அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன். ஆகவே, ஆசிரியரை மாணவர் நினைவுகூர்தல் என்னும் பொருளைப் பற்றிப் பேச இவ்வூர் மிகவும் தகுதி வாய்ந்தது.

பழைய மாணவர் கூடும் இடங்களில் பேச்சு எப்படித் தொடங்கும் என்பது யாவரும் அறிந்ததே. எந்த ஆசிரியர் கையில் பிரம்பு எப்போதும் இருந்தது, யார் கடைசி வரிசைப் பலகையில் அமர்ந்தார், எந்த மணி அடித்ததும் வாயிலில் இலந்தைப்பழமும் மாங்காய்த் துண்டும் வாங்க ஓடினார்கள் என்றெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். பிறகு ஆசிரியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். சிலர் இன்று இல்லை என்னும் செய்தி வரும். அவையில் சற்று அமைதி நிலவும். ஆனால், அந்த ஆசிரியர் பாடத்தை எவ்வாறு நடத்தினார், எந்தச் சொல்லில் ஒரு மாணவனின் மனம் திறந்தது என்று வினவினால் விடை சொல்வோர் மிகச் சிலரே. மருத்துவர்க்கு மருத்துவமனையும் பொறியாளர்க்குப் பாலமும் சான்றாக நிற்கும். பள்ளி ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதோ அடுத்த பாடவேளைக்குள் அழிக்கப்பட்டுவிடும். அவருடைய தொழிலுக்கு மாணவர் நினைவைத் தவிர வேறு ஏடு இல்லை. அந்த நினைவு எழுதப்படாமற் போனால் அவர் வாழ்நாள் உழைப்பும் அதனோடு மறைகிறது.

இதற்குத் தமிழ் தரும் தலைசிறந்த சான்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாறு. 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்த அப்பெருமகனார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ப் புலவருள் மிகுதியாகப் பாடியவர். தலபுராணங்கள் மட்டுமே இருபதுக்கு மேல். பிள்ளைத்தமிழும் அந்தாதியும் கோவையும் கலம்பகமும் வேறு. அவர் சொல்லச் சொல்ல எழுதுவோர் கை சளைக்கும் என்பர். அத்துணைச் செய்யுட்களையும் இன்று விரும்பி எடுத்துப் படிப்போர் எத்தனை பேர்? புலமை உலகத்திற்கு வெளியே அவை பெரும்பாலும் பெயரளவில் நிற்கின்றன. ஆயினும் பிள்ளையவர்கள் எப்படி நடந்தார், எப்படிப் பாடஞ் சொன்னார், எதற்கு மகிழ்ந்தார், எதற்கு வருந்தினார் என்பதைத் தமிழ் படித்தோர் பலரும் அறிவர். அவர் தாமே எழுதியவற்றினும் மாணவர் ஒருவர் மனத்தில் அவர் எழுதியதே நெடுங்காலம் நின்றது. அம்மாணவரே உ. வே. சாமிநாதையர்.

ஐயரவர்கள் தம் பதினேழாம் பிராயத்தில் மாயூரத்திற்குச் சென்று பிள்ளையவர்களை அடைந்தார். வேங்கடராமன் என்று அதுவரை வழங்கிய அவரைச் சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவர் பிள்ளையவர்களே. மாநிலக் கல்லூரிச் சிலையின் கீழே இன்று விளங்கும் பெயரும் ஆசிரியர் நிலைநிறுத்திய பெயர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலில் பிள்ளையவர்கள் தயங்கினார். பலர் வருகிறார்கள், சில நாள் படிக்கிறார்கள், சொல்லாமலே போய்விடுகிறார்கள் என்பது அவர் பட்டறிவு. ஏற்றுக்கொண்ட பின்னரும் தாமே பாடஞ் சொல்லாமல் மூத்த மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் இளைஞரை ஒப்படைத்தார்.

ஆசிரியரிடமே நேரே பாடங் கேட்க வேண்டும் என்னும் வேட்கை கொண்ட இளைஞர் ஒரு வழி கண்டார். பிள்ளையவர்களுக்குச் செடி கொடிகளில் பேரன்பு. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வைத்த மரங்கள் புதிதாகத் தளிர்த்திருக்கின்றனவா என்று காலைதோறும் சென்று பார்ப்பார். இதனைக் கண்ட மாணவர் அவருக்கு முன்னரே எழுந்து, எந்தக் கிளையில் எந்தத் தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஆசிரியர் முகம் மலரும். சில நாளில் அம்மலர்ச்சியே பேச்சுக்கு இடந்தந்தது; பேச்சு பாடத்திற்கு இடந்தந்தது. இந்நிகழ்ச்சியைத் தம் தன்வரலாறாகிய ‘என் சரித்திர’த்தில் ஐயரவர்கள் விளக்கமாக எழுதியிருக்கிறார். பெரும்புலவர் என்றும் கவிமழை பொழிந்தவர் என்றும் பட்டங்களை அடுக்கியிருந்தால் பிள்ளையவர்கள் ஒரு படமாக மட்டுமே நின்றிருப்பார். மரத்தடியில் குனிந்து தளிரைத் தேடிய காட்சியிலே அவர் மனிதராக வாழ்கிறார். நினைவுரை எழுதுவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இது.

இரண்டாவது பாடம் உண்மை. ஆசிரியரின் வறுமையை மாணவர் மறைக்கவில்லை. கடன் தொல்லையையும், மிகப் பெரிய புலமைக்கு ஏற்ற பொருள் வாய்க்காத துன்பத்தையும் எழுதினார். அவ்வறுமைக்கிடையிலும் மாணவர்க்குச் சோறிட்டுப் பாடஞ் சொன்ன வள்ளன்மை அதனாலேயே நன்கு விளங்குகிறது. பிள்ளையவர்களிடம் சாதி சமய வேறுபாடின்றிப் பலரும் பயின்றனர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் புலவரும் அவர் மாணவர். சவேரிநாத பிள்ளை கிறித்துவர். திருவாவடுதுறையில் ஆசிரியரின் இறுதிப் பொழுதில் அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியவர் அந்தச் சவேரிநாத பிள்ளையே. ஆசிரியர் விரும்பியவாறு திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர். ஓர் ஆசிரியரின் பள்ளி எத்தகையது என்பதை அந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது.

மூன்றாவது பாடம் இன்னும் அரியது. ஆசிரியரின் எல்லையையும் மாணவர் அறிந்திருந்தார். 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயரவர்கள் பாடங்கேட்ட நூல்கள் எவை என்று வினவினார். ஐயரவர்கள் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அதில் நிறைவு கொள்ளவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றே சொல்ல நேர்ந்தது. இந்த உரையாடலைத் தமக்கும் தம் ஆசிரியர்க்கும் இழுக்கு என்று கருதி ஐயரவர்கள் மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. அந்த ‘இல்லை’யிலிருந்து பிறந்த உழைப்பு 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது, பின்னர்ப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அச்சேறின. ஆசிரியர் காட்டிய எல்லையைக் கடந்து சென்ற பின்னும், கடக்கும் ஆற்றலைத் தந்தவர் அவரே என்று நன்றி பாராட்டினார் மாணவர். 1933-இலும் 1934-இலும் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது ஐயரவர்களுக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்துணை ஆண்டும் அந்த நினைவு மங்கவில்லை.

பிள்ளையவர்களின் மற்றொரு மாணவர் வித்துவான் தியாகராச செட்டியார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய அவர், 1880-இல் ஓய்வு பெறும்போது தம் இடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் என்று கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் எடுத்துரைத்து அப்பதவியைப் பெற்றுத் தந்தார். அந்த நன்றியை ஐயரவர்கள் என்றும் மறக்கவில்லை. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து திருவல்லிக்கேணியில் குடியேறிய பின், தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். பண்டைத் தமிழ் நூல்கள் பல ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த இல்லம் அது. 2012-ஆம் ஆண்டு அவ்வில்லம் இடிக்கப்பட்டது. சுவரில் பொறித்த நன்றி சுவரோடு போயிற்று; நூலில் எழுதிய நன்றி நிற்கிறது. பழைய பள்ளிக் கட்டடங்களை எண்ணி ஏங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

தாம் பெற்ற பேற்றை ஐயரவர்கள் தாமும் எய்தினார். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த ‘என் சரித்திரம்’, 1942-இல் அவர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய மாணவரும் ‘கலைமகள்’ ஆசிரியருமான கி. வா. ஜகந்நாதன், ஆசிரியர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி, ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலால் அவ்வரலாற்றை நிறைவு செய்தார். தம் ஆசிரியரின் வாழ்க்கையை எழுதிய ஒருவரின் வாழ்க்கையை அவர் மாணவர் எழுதி முடித்தார். இத்தகைய தொடர்ச்சி எந்த மொழிக்கும் பெருமை தருவதாகும்.

ஆசிரியர் பெருமை தமிழ் வகுப்போடு முடிவதன்று. ஐயரவர்கள் பணியாற்றிய மாநிலக் கல்லூரியில் மாணவராகப் பயின்றவர் சி. வி. இராமன். இயற்பியல் பேராசிரியர் ஜோன்ஸ், இந்த மாணவருக்கு வகுப்பறைப் பாடம் தேவையில்லை என்று கண்டு, ஆய்வுக்கூடத்தில் தம் விருப்பப்படி உழைக்க விட்டார். 1906-இல் இராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்து இதழில் வெளியாயிற்று. கற்பிப்பது ஒரு கலை. கற்பிக்காமல் விலகி வழிவிட வேண்டிய இடத்தை அறிவது அதனினும் அரிய கலை.

மேனாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1999-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் இராமேசுவரத்து அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரை நினைவுகூர்ந்திருக்கிறார். அவ்வாசிரியர் இசுலாமியச் சிறுவரை வீட்டிற்கு அழைத்து உணவருந்தச் செய்தார். ஆசாரம் மிக்க மனைவியார் பரிமாற மறுத்தபோது, அவரைக் கடிந்துகொள்ளாமல் தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். அடுத்த முறை அழைத்தபோது மனைவியாரே பரிமாறினார். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் தம்மைப் பிரம்பால் அடித்த கணித ஆசிரியர், பின்னர்த் தாம் முழு மதிப்பெண் பெற்றபோது பள்ளி முழுவதும் கேட்கப் பாராட்டியதையும் கலாம் எழுதினார். அடியையும் எழுதினார், பாராட்டையும் எழுதினார். அதனால் அந்த ஆசிரியர் முழுமையாகத் தோன்றுகிறார்.

இத்தகைய பேறு புகழ்பெற்ற மாணவரைப் பெற்ற ஆசிரியர்க்கு மட்டும் உரியதாகலாமா? அதுவே இந்த அவையின் முன் நிற்கும் வினா. எல்லா ஆசிரியர்க்கும் ஒரு சாமிநாதையரோ ஒரு கலாமோ மாணவராக வாய்ப்பதில்லை. பட்டினப்பாக்கத்துக் கடற்கரையிலும், சீனிவாசபுரம் போன்ற மீனவர் குடியிருப்புகளிலும், மயிலாப்பூர், மந்தைவெளிச் சந்துகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தோர் பலர். விடியற்காலையில் வலையிழுக்கத் தந்தையோடு சென்று காலந்தாழ்ந்து வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொண்ட ஆசிரியர் கடலோரப் பள்ளிகளில் இருந்திருப்பர். அவர்களைப் பற்றி எந்த இதழும் எழுதாது. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது எளியோர் வீடுகளில் இருந்தவற்றைக் கடல் கொண்டு சென்றது. ஒரு மதிப்பெண் பட்டியலும் ஒரு வகுப்புப் புகைப்படமும் எவ்வளவு எளிதில் அழியும் என்பதைக் கடலோரத்தார்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலின், நினைவைப் பகிர்ந்துகொள்வதோடு அமையாமல் அதனை எழுதி வைப்பதே பழைய மாணவர் கடன். பெரிய நூல் எழுத வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் ஓர் ஆசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் போதும். அவர் சொன்ன ஓர் உவமை, கணக்கைப் போட்டுக் காட்டிய முறை, தாம் பசித்திருந்து மாணவனுக்குச் சோறு தந்த நாள், தவறாகத் தண்டித்துவிட்டுப் பின்னர் வருந்திய நாள் ஆகியவற்றை உள்ளவாறே எழுதுதல் வேண்டும். உயிரோடிருக்கும் ஆசிரியர்க்கு அதனை நேரிற் சென்று படித்துக் காட்டுதல் அதனினும் சிறப்பு. பிள்ளையவர்கள் தம் சரித்திரத்தைப் படிக்க வாய்க்கவில்லை. ஐம்பத்தேழு ஆண்டு பிந்திற்று. முதுமையில் திண்ணையிலோ அடுக்ககத்துச் சாளரத்தருகிலோ அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஒருவர்க்கு அந்த இரண்டு பக்கங்களும் எத்தகைய பரிசாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாயூரத்துத் தோட்டத்தில் காலைதோறும் ஆசிரியர் தளிரைத் தேடினார். அவருக்காக மாணவரும் தேடினார். ஒவ்வொரு பள்ளியிலும் அவ்வாறு தளிரைத் தேடிய ஆசிரியர் ஒருவரேனும் இருந்திருப்பார். அவரைத் தேடி எழுதும் முயற்சி இந்தப் பத்தாம் ஆண்டு விழாவில் தொடங்குவதாக. வாழ்க ஆசிரியர் புகழ். வளர்க இலக்கிய வட்டத்தின் தொண்டு.