கடம் தட்டிய கைகள்
(சீவலப்பேரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பதைக் கேட்காத காது இந்த ஊரில் இல்லை. அதைப் பெண் அடித்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பெண்பிள்ளைக்குக் கை தாங்காது என்கிறார்கள். நாற்று நடவும், மில்லில் எட்டு மணி நேரம் நின்று நூல் முடியவும் தாங்குகிற கை, குடம் என்றதும் தாங்காதாம்!

மயிலாடுதுறையில் 1957-ல் பிறந்த சுகன்யா ராம்கோபாலிடமும் இதையே சொன்னார்கள். மிருதங்கம் கற்றுவந்தவர் கடம் வேண்டும் என்றார். பெண்ணுக்குக் கஷ்டம் என்றார் ஆசிரியர் விக்கு விநாயக்ராம். அவருடைய தந்தை ஹரிஹர சர்மாதான், நான் கற்றுத்தருகிறேன் என்று முன்வந்தார். கற்று முடித்ததும் வேறொரு கதவு அடைத்தது. பெண் கடம் வாசிக்கிற மேடையில் உட்கார மாட்டோம் என்றார்கள் சில மிருதங்க வித்வான்கள். கச்சேரி போனால் கூலியும் போயிற்று. இது நமக்கு விளங்காததா? அம்மையார் ஒதுங்கிவிடவில்லை. 1991-ல் பெண்களைச் சேர்த்துத் தனிக் குழுவே கண்டார்.

அவருக்கும் முன்னே, 1910-ல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மேடையேறி மிருதங்கம் வாசித்தவர். அந்தப் பெயர் இங்கே யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் கேளுங்கள். கடம் செய்கிற ஊர் மானாமதுரை. ஈர மண் பானையை ஆயிரக்கணக்கான முறை பலகையால் தட்டினால்தான் அதற்கு நாதம் பிறக்கும். அப்படித் தட்டித் தட்டியே சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர் மீனாட்சி கேசவன் அம்மாள். செய்யும்போது தாங்கிய கை, வாசிக்கும்போது மட்டும் தாங்காதா?

சங்கத்தில் இரண்டு தப்பு சும்மா கிடக்கிறது. வருகிற மே தின ஊர்வலத்தில் பெண்கள் அதை அடிக்க வேண்டும் என்று யோசனை வைக்கிறோம். கற்க விரும்பும் சகோதரிகள் இன்றே பெயர் கொடுங்கள்.