இரு சிறு தீவுகளும் ஒரு சிறு நூலும்



ரொறன்ரோவில் வாழும் என் மகள் வருகிற பெப்ரவரி மாதத்தில் குடும்பத்தோடு பத்து நாள் விடுமுறையிற் செல்லவிருக்கிறாள். பனியிலிருந்து பத்து நாளாவது தப்பவேண்டும் என்பது பேரப்பிள்ளைகளின் ஆசை. போகும் இடம் கரிபியன் கடலில் உள்ள அன்டிகுவா, பார்புடா என்னும் இரு சிறு தீவுகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாடு. பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். முதல் நாள் கடற்கரை, இரண்டாம் நாள் வேறொரு கடற்கரை, மூன்றாம் நாள் நெல்சன் துறைமுகம், நான்காம் நாள் மீண்டும் கடற்கரை என்று அது போகிறது. பார்புடாவுக்கு ஒரே ஒரு முற்பகல். பக்கத்தில் "இளஞ்சிவப்பு மணல், பறவைகள்" என்று ஒரு குறிப்பு. தாளின் தலைப்பில் "மழை இராது" என்று எழுதி இரண்டு கோடும் இழுத்திருந்தாள்.

நான் அத்தீவுகளை நேரிற் கண்டவனல்லன். இனிக் காணப்போகிறவனுமல்லன்; மணிக்கணக்கில் விமானத்தில் முடங்கியிருக்க என் முழங்கால்கள் சம்மதிக்கமாட்டா. ஆனால் அன்டிகுவாவை ஒரு நூலின் வழியாகப் பல வருடங்களாக எனக்குத் தெரியும். அங்கே பிறந்த ஜமேக்கா கின்கெய்ட் என்ற பெண் எழுத்தாளர் 1988இல் வெளியிட்ட 'ஏ ஸ்மோல் பிளேஸ்' என்னும் நூல் அது. 'ஒரு சிறிய இடம்' என்று தமிழிற் சொல்லலாம். நூறு பக்கங்கூட இல்லாத கட்டுரை நூல். ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடித்துவிடலாம். மறப்பதுதான் சிரமம்.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அன்டிகுவா 280 சதுர கிலோமீற்றர், பார்புடா 161. மன்னார்த் தீவை மனத்தில் வைத்துக்கொண்டால் பார்புடா அதைவிடச் சற்றுப் பெரிது. அங்கே இரண்டாயிரம் பேர்கூட இல்லை. ஊர் என்று சொல்லக்கூடியது கொட்ரிங்ரன் ஒன்றுதான். 1493இல் கொலம்பஸ் அவ்வழியாக வந்தபோது, செவில் நகரத் தேவாலயத்திலுள்ள மாதாவின் பெயரை அன்டிகுவாவுக்கு வைத்தார். 1632இல் ஆங்கிலேயர் குடியேறினர். பின்னர் கரும்பும் அடிமைகளும். 1834இல் அடிமை முறை ஒழிந்தது. 1981 நவம்பர் முதலாந் திகதி நாடு சுதந்திரமடைந்தது. கிரிக்கெட் அபிமானிகளுக்கு இது விவியன் றிச்சட்ஸ் பிறந்த மண். பிரயன் லாறா 1994இல் 375 ஓட்டங்களையும் 2004இல் 400 ஓட்டங்களையும் குவித்ததும் இம்மண்ணிலேயே. 2007 உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி இங்கிலாந்தை இரண்டே ஓட்டங்களால் வென்றது இங்குள்ள புதிய மைதானத்திலே என்பதைச் சிலர் மறந்திருக்கலாம். என் மருமகன் மறக்கவில்லை. அவருடைய ஒரே நிபந்தனை அந்த மைதானத்தைப் பார்க்கவேண்டும் என்பதுதான்.

கின்கெய்ட் 1949இல் தலைநகரான சென் ஜோன்சில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேறு. பதினாறாம் பதினேழாம் வயதிலேயே அமெரிக்காவுக்குப் பிள்ளை பராமரிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே எழுத்தாளரானவர். ஏறத்தாழ இருபது வருடங்களின் பின் ஊருக்குத் திரும்பி, கண்டதைக் கொதித்து எழுதினார். நூலின் முதற் பகுதி முழுவதும் முன்னிலையில் அமைந்திருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கும் உல்லாசப் பயணியை நேரே பார்த்துப் பேசுகிறார். இங்கே ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். அதைத் தமிழில் 'நீ' என்று பெயர்ப்பதா, 'நீங்கள்' என்று பெயர்ப்பதா? கோபம் என்றால் 'நீ' என்றுதான் கை எழுதப் பார்க்கும். நானோ 'நீங்கள்' என்றே எழுதுவேன். வாசலில் நின்று வரவேற்கும் பணிப்பெண்ணின் மரியாதையோடு அது வரும்போதுதான் குத்தல் ஆழமாக இறங்கும்.

அவர் பயணியை விட்டுப் பிரிவதேயில்லை. வாடகைக் காரில் கூடவே ஏறிக்கொள்கிறார். புதிய ஜப்பானியக் கார். ஆனால் ஒவ்வாத பெற்றோல் ஊற்றி ஓட்டுவதால் கரகரக்கிறது. தெருவோரத்திற் பாழடைந்த கட்டடத்தைப் பார்க்கிறீர்களே, அது பாடசாலை என்கிறார். ஹொட்டேலில் உண்ணும் உணவு, உள்ளூரில் விளைந்ததென்று நீங்கள் எண்ணுவது, மயாமியிலிருந்து விமானத்தில் வந்திறங்கியது என்கிறார். நீந்தப் போகும் கடலுக்குள் எந்தக் கழிவு நீர் கலந்திருக்கக்கூடும் என்றும் சொல்லிவிடுகிறார். எனக்கு நன்றாகப் பட்டது மழையைப் பற்றி அவர் சொல்லும் இடம். பயணிக்கு வானம் பொய்ப்பது பாக்கியம். விடுமுறைக்குச் செலவழித்த பணம் வீண்போகாது. ஆற்று வளமில்லாத அத்தீவிலே பிறந்தவனுக்கோ ஒவ்வொரு துளியும் கணக்கு. 2015இல் கடும் வரட்சியில் அன்டிகுவாவின் பெரிய நீர்த்தேக்கமே வற்றிப்போனது. இன்று அங்கே குடிநீரிற் பெரும் பங்கு கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறுவது. என் மகளின் தாளிலிருந்த அந்த இரண்டு கோடுகள் நினைவுக்கு வந்தன.

தொலைபேசியில் அவளுக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப நாங்கள் போகக்கூடாது எண்டோ சொல்லுறியள், அப்பா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை."

"அவ வெள்ளைக்காரரைத்தானே ஏசுறா. நாங்கள் ஆர், அவை ஆர்?"

நியாயமான கேள்வி. கின்கெய்ட் கண்ணில் நிறுத்துவது வட அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் வெள்ளைக்காரப் பயணியைத்தான். ஆனால் அந்தப் பகுதியை முடிக்கும் இடத்தில் அவர் வேறொன்று சொல்கிறார். எந்த ஊரிற் பிறந்தவனும் வாய்ப்புக் கிடைத்தால் உல்லாசப் பயணிதான். உலகத்திற் பெரும்பாலானோருக்கு அந்த வாய்ப்பு இல்லை, அவ்வளவே. சில வருடங்களுக்கு முன் மகள் ஊருக்கு வந்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நின்று நின்று படமெடுத்தாள். அந்தப் பிள்ளை வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. இதை நான் ஞாபகப்படுத்தினேன். "அது வேற, அப்பா" என்றாள். பிறகு, "வேறயோ?" என்று அவளே கேட்டாள்.

நூலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. தம் மக்களைப் பற்றியும் கின்கெய்ட் ஒரே வீச்சிற் பேசிவிடுகிறார். கோபத்தின் வேகத்தில் தனித்தனி மனிதர்கள் மறைந்துபோகிறார்கள். பணிப்பெண்ணுக்கும் சாரதிக்கும் அந்தத் தொழிலே சோறு என்பதை அவர் அறியாதவரல்லர். ஆனால் அதில் நின்று நிதானிப்பதில்லை. அவரே எழுதிய 'அனி ஜோன்' நாவலில் தாயையும் மகளையும் எத்தனை நுட்பமாகக் காட்டியிருக்கிறார்! அந்த நிதானம் இங்கே இல்லை. இருந்திருந்தால் இந்நூல் இந்நூலாக இருந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நூலகம் பற்றிய பகுதி மட்டும் வேறு குரலில் ஒலிக்கிறது. சென் ஜோன்சில் அவர் சிறுமியாக வாசித்த பொது நூலகம் 1974ஆம் ஆண்டு நில நடுக்கத்தில் சேதமடைந்தது. திருத்த வேலை நடக்கவிருக்கிறது என்று ஓர் அறிவித்தற் பலகை. அவர் எழுதும்போது பத்து வருடங்களுக்கு மேலாகியும் பலகை அப்படியே இருந்தது. நூல்கள் ஓர் உலர்பொருட் கடையின் மேல்மாடியிற் பெட்டிகளுக்குள் கிடந்தன. ஒரு நூலகம் இல்லாமற் போவது இன்னதென்று, 1981ஐக் கண்ட யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அங்கே எரிக்க ஒருவரும் வரவில்லை, கவனியாமல் விட்டார்கள். புதிய நூலகக் கட்டடம் 2014இலேதான் திறக்கப்பட்டது. நாற்பது வருடம்! ஒரு தலைமுறை வாசிக்காமலே வளர்ந்துவிடப் போதுமான காலம்.

பார்புடாவைப் பற்றி இந்நூலில் அதிகமில்லை. ஆனால் திட்டத்தில் ஒரு முற்பகல் மட்டுமே பெற்ற அந்தத் தீவுக்குத்தான் பெரிய கதை இருக்கிறது. 1685 முதல் 1870 வரை அத்தீவு முழுவதையும் கொட்ரிங்ரன் குடும்பம் ஆங்கில முடியிடமிருந்து குத்தகைக்கு வைத்திருந்தது. கேட்டால் வருடத்துக்கு ஒரு கொழுத்த ஆடு கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனையாக இருந்ததாம். அக்குடும்பம் போனபின், அடிமைகளின் வழிவந்தவர்கள் நிலத்தைக் கூறுபோடவில்லை. எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். பார்புடாக்காரர் ஒருவருக்கு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மேய்ச்சலுக்கும் இடம் உண்டு, விற்க உரிமையில்லை. 2007இல் இவ்வழக்கத்தைச் சட்டமாகவே எழுதினார்கள்.

2017 செப்ரெம்பரில் 'இர்மா' சூறாவளி வந்தது. பெரும்பாலான வீடுகள் சேதமடைந்தன. ஒரு குழந்தை இறந்தது. அடுத்த சூறாவளியும் நெருங்கியதால் எஞ்சியோர் அனைவரும், ஏறத்தாழ 1,700 பேர், அன்டிகுவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பல நூறு வருடங்களில் முதன்முறையாகத் தீவில் மனிதர் எவரும் இல்லை. மக்கள் முகாமில் இருந்த காலத்திலேயே புதிய விமான ஓடுபாதைக்குக் காடு வெட்டும் வேலை ஆரம்பமாகியது. மறு வருடம் பொதுநிலச் சட்டம் நீக்கப்பட்டது. எதிர்த்து இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற வழக்கு 2022இல் தோற்றது. பிரித்தானிய இளவரசி டயானா விரும்பி வந்து தங்கிய கடற்கரைக்கு அவருடைய பெயரை 2011இல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கமெல்லாம் இப்போது பெருஞ் செல்வர்களுக்கான விடுதிகள். அரசாங்கத்துக்கும் ஒரு வாதம் உண்டு. அழிந்த ஊரைக் கட்டப் பணம் வேண்டும், நிலத்தை ஈடுகாட்ட முடியாதவனுக்கு வங்கி கடன் கொடாது என்கிறார்கள். அந்த வாதத்தை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்காரன் முகாமில் இருக்கும்போது அவனுடைய காணி உறுதியை மாற்றுவது எந்த ஊரிலும் நல்ல பேரெடுத்ததில்லை.

சூறாவளியில் பிரிகேட் என்னும் கடற்பறவைகளும் களப்பைவிட்டுப் போய்விட்டன. கரிபியனிலேயே பெரிய பிரிகேட் பறவைக் கூட்டம் அது. ஆண் பறவை பேட்டைக் கவரத் தொண்டைப் பையைச் செந்நிறப் பலூன்போல ஊதிக் காட்டும். அவை சில வாரங்களில் திரும்பி வந்தன. மனிதர்களிற் பலருக்கு வருடக்கணக்காயிற்று.

சென்ற கிழமை மகளிடமிருந்து திருத்திய தாள் வந்தது. கடற்கரைகள் குறையவில்லை; பிள்ளைகள் விடுவார்களா? மைதானமும் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் நாள் 'பெற்றிஸ் ஹோப்' என்ற பழைய கரும்புத் தோட்டம். கொட்ரிங்ரன் குடும்பத்தினர் 1674 முதல் 1944 வரை வைத்திருந்தது. கரும்பு பிழிந்த காற்றாலை ஒன்று திருத்தி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆறாம் நாள் காலை சென் ஜோன்ஸ் நூலகம். மதியம் சந்தையடியில் சோளமாவும் வெண்டிக்காயும் சேர்த்துக் கிண்டிய 'பூஞ்சி'. பார்புடாவுக்கு முற்பகலுக்குப் பதிலாக இரண்டு இரவுகள். தங்குவது விடுதியில் அல்ல, கொட்ரிங்ரன் ஊருக்குள் ஒரு வீட்டு அறையில். தலைப்பிலிருந்த "மழை இராது" அப்படியே இருக்கிறது, கோடுகளைக் காணவில்லை. படகு ஒன்றரை மணித்தியால ஓட்டம், கடல் கொந்தளித்தால் புறப்படாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அதற்கு அடுத்த நாளை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறாள்.