மலைநாட்டுக் குளிரும் வீட்டுப் பூனையும்

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவின் இரவு எத்தகையது என்பதை அங்கு வாழ்வோர் நன்கு அறிவர். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த அந்நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியசுதான். மேகமற்ற தை மாதத்து இரவுகளிலே தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் படிவதுண்டு. அப்பொழுது மனிதன் கம்பளியை நாடுகின்றான். வீட்டுப் பூனை அடுப்படியை நாடுகின்றது. சாம்பலருகே சுருண்டு கிடக்கும் பூனையைச் சோம்பேறிப் பிராணி என்று பலர் நகைப்பர். அது சோம்பலன்று, பிறப்போடு வந்த தேவை.

வீட்டுப் பூனையின் முன்னோர் வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனைகளாவர். சைப்பிரசுத் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதனுக்கு அருகிற் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளைப் பற்றி ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனிதனோடு கூடி வாழத் தொடங்கி இத்துணைக் காலமாகியும் பூனையின் உடல் வெப்ப நிலத்தை மறந்துவிடவில்லை. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரையாகும். சுற்றுப்புறம் 30 பாகைக்குக் குறையுமாயின், தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ள அது மிகுதியான சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது.

ஆயின், பூனைக்கு வேண்டுவது நெருப்பன்று. அதன் உடலிலிருந்து எழும் வெப்பம் வீணாகாது நிற்பதற்கு ஓர் இடமே வேண்டும். பூனை சுருண்டு படுக்கவும் எழுந்து திரும்பவும் போதுமான சிறிய பெட்டி ஒன்று இதற்குச் சாலும். பெட்டி பெரிதானால் வெப்பம் பரந்து போய்விடும். அதனைச் சீமெந்துத் தரையிலே வைக்காது, ஒரு பலகையின் மீதோ செங்கற்களின் மீதோ உயர்த்தி வைத்தல் நலம். வாயில் காற்று வீசும் திசையை நோக்கலாகாது. உள்ளே பழைய கம்பளித் துண்டையோ உலர்ந்த சாக்கையோ விரித்து, ஈரம் ஏறும்போதெல்லாம் மாற்றுதல் வேண்டும். மலைநாட்டு மூடுபனியில் ஈரமே குளிரினும் கொடியது. நனைந்து வந்த பூனையை உடனே துணியால் துடைத்து உலர்த்துதல் அவசியம்.

பூனைக்கு நேரும் கேடு பல சமயங்களில் அன்புள்ள கையிலிருந்தே வருகின்றது என்பது வருந்தத்தக்க உண்மை. இரவில் அறையை அடைத்து, உள்ளே தணற்சட்டியை வைத்துவிட்டு உறங்குவோர் உளர். கரி எரியும்போது எழும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது குருதியிற் கலந்து பிராணவாயுவுக்கு இடமில்லாமற் செய்துவிடும். பூனைக்கு மட்டுமன்று, அதே அறையில் உறங்கும் குழந்தைக்கும் அது நமனாகும். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பான முறை. சூடு மிஞ்சினால் பூனை விலகிக்கொள்ள மறுபக்கத்தில் இடமிருத்தல் வேண்டும்.

அடுத்த கேடு மருந்தினால் வருவது. நடுங்கும் பூனைக்குக் காய்ச்சல் என்று கருதி, மனிதர் உட்கொள்ளும் பரசிற்றமோல் மாத்திரையிற் பாதியைப் பாலிற் கரைத்துக் கொடுக்க முற்படுவோர் உளர். மனிதனின் ஈரல் அம்மருந்தின் நஞ்சை முறிப்பது போலப் பூனையின் ஈரலால் முறிக்க இயலாது. செங்குருதிக் கலங்கள் பழுதுறும். முரசு நீலமாகவோ கபிலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். ஒரு மாத்திரையே உயிரைப் போக்கப் போதுமானது. கர்ப்பூரத் தைலம் பூசுதலும் தீதே. பூனை தன் உரோமத்தை நக்குமாதலால், பூசியது வயிற்றுக்குள் சென்றுவிடும். பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியில் அந்துருண்டையின் மணம் இருக்குமாயின், அதனைத் துவைத்து வெயிலில் உலர்த்திய பின்னரே பூனைக்கு விரிக்கலாம்.

உணவிலும் கவனம் வேண்டும். பூனை ஊனுண்ணும் பிராணி. சோறும் பருப்பும் மட்டும் உண்டு அது வாழ இயலாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள தோரீன் என்னும் பொருள் குறைந்தால் அதன் கண்ணும் இருதயமும் கெடும். குளிர்காலத்திலே பூனை நீர் அருந்துவது குறையுமாதலால், நீரை இளஞ்சூடாக வைத்தலும், உப்பிடாத மீனை அவித்த நீரோடு கொடுத்தலும் நன்று. கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் கழியாது வருந்துமாயின், நீர்ப்பாதை அடைபட்டதென்று கொள்ளலாம். அந்நிலையில் மறுநாள் வரை காத்திருத்தல் உயிருக்கு ஆபத்து. அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

தும்மலும் கண்ணிற் பீளையும் காணின் அது பெரும்பாலும் பூனைகளுக்கிடையே பரவும் சளிநோயாகும். மூக்கடைத்து மணம் தெரியாதபோது பூனை உணவை வெறுக்கும். மீனைச் சற்றுச் சூடாக்கி வைத்தால் மணம் எழுந்து உண்ணத் தூண்டும். இந்நோயின் கடுமையைத் தணிக்கத் தடுப்பூசி உண்டு. விசர்நோய்த் தடுப்பூசியோ பூனையையும் அதனை வளர்ப்போரையும் ஒருங்கே காக்க வல்லது.

பிறந்து சில வாரங்களேயான குட்டிகள் தம் உடல் வெப்பத்தைத் தாமே காக்கமாட்டா. தாயை இழந்த குட்டி குளிர்ந்து கிடக்கக் கண்டால், இரக்க மிகுதியால் உடனே பால் ஊட்டலாகாது. குளிர்ந்த குடலிற் பால் செரியாது. முதலில் மெல்ல மெல்ல உடலைச் சூடேற்றி, பின்னரே ஊட்டுதல் முறை. வயது முதிர்ந்த பூனைக்கு மூட்டுகள் நோகுமாதலால், ஏறிப் பாயத் தேவையில்லாத தாழ்ந்த இடத்திற் படுக்கை அமைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு பெட்டி, உலர்ந்த துணி, இளஞ்சூடான நீர் ஆகியன எளிய இல்லத்திலும் கிடைப்பவை. நடுங்கி நின்ற பூனை நடுக்கம் ஓய்ந்து துவண்டு கிடக்குமாயின், அது சுகமடைந்ததன் அறிகுறியன்று. வெப்பம் மிகக் குறைந்ததன் அறிகுறி. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத அவ்வுயிரின் துன்பத்தைக் கண்டறிதல் வளர்ப்போரின் கடமையாகும்.